மலைக்காட்டு மரங்களின் விதைக் கணக்கு

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் மார்கழி மாதம் போய் மல்லிகைப் பூ விலை கேட்டுப் பாருங்கள். தலை சுற்றும்! சித்திரையில் கூடை கூடையாக வந்து குவிந்த அதே பூ, மார்கழியில் பொட்டலம் பொட்டலமாக வருகிறது. விலை பல மடங்கு ஏறிவிடுகிறது.

கல்யாண வீட்டுக்காரர்கள் வியாபாரியைத் திட்டுவார்கள். பாவம், வியாபாரி மேல் குற்றம் இல்லை. பனிதான் காரணம். மல்லிகைச் செடிக்கு வெயில் வேண்டும். குளிர் கூடினால் மொட்டு வைப்பது குறைந்துவிடும்.

சமவெளியில், நாலைந்து டிகிரி குளிர் கூடியதற்கே ஒரு செடி இப்படிச் சுணங்கிவிடுகிறது. அப்படியானால், ஆண்டு முழுவதும் குளிரிலும் மேகத்திலும் நிற்கும் மலைக்காட்டு மரங்கள் எப்படிப் பூக்கின்றன? எப்படிக் காய்க்கின்றன? அவற்றின் விதை விளைச்சலுக்கு என்ன கணக்கு?

இந்தக் கேள்வி இப்போது வெறும் பாடப் புத்தகக் கேள்வி அல்ல. நெல்லை, தென்காசி மாவட்டங்களின் மேற்கு மலையில் பல ஆயிரம் ஏக்கர் நிலத்தின் எதிர்காலம் இதில் அடங்கியிருக்கிறது.

ஏற ஏறக் குளிர்

சங்கரன்கோவிலில் இருந்து மேற்கே பார்த்தால் மலைத்தொடர் நீலமாகத் தெரியும். புளியங்குடி, வாசுதேவநல்லூர்ப் பக்கம் போனால் மலை அருகில் வந்துவிடும். அந்தத் தொடர் தெற்கே குற்றாலம், பாபநாசம், மணிமுத்தாறு என்று நீண்டு, அகத்தியமலையில் 1,868 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது.

மலையில் 100 மீட்டர் ஏறினால் உஷ்ணம் ஏறக்குறைய அரை டிகிரிக்குச் சற்று மேல் குறையும். சங்கரன்கோவில் ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,250 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு மலைக்காட்டுக்குப் போனால், ஊரைவிட ஆறு, ஏழு டிகிரி குறைவாக இருக்கும். ஊரில் விசிறி இல்லாமல் தூங்க முடியாத நாளில், அங்கே போர்வை தேவைப்படும்.

குறைவது உஷ்ணம். கூடுவது மழை. சங்கரன்கோவில் கரிசல் பூமி ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி இருக்கிறது. மலை உச்சிக்கோ தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மழைக்காலத்தில் பத்திரிகையில் வரும் மழை அளவுப் பட்டியலைப் பாருங்கள். ஊத்து, நாலுமுக்கு என்ற இரண்டு பெயர்கள் அடிக்கடி முதல் வரிசையில் இருக்கும். இரண்டும் மணிமுத்தாறு அணைக்கு மேலே உள்ள மலைக் குடியிருப்புகள். அந்த வட்டாரத்தில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது.

மரம் காய்ப்பதற்கு வெயிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். அடிவாரத்தில் வெயில் தாராளம், தண்ணீர் பஞ்சம். உச்சியில் தண்ணீர் தாராளம், வெயில் பஞ்சம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மலைமரங்களின் பிழைப்பு நடக்கிறது.

2022-ம் ஆண்டு வெளிவந்த ஓர் உலகளாவிய ஆராய்ச்சியும் இதையே சொன்னது. பல நாட்டுக் காடுகளில் மரங்கள் கொடுக்கும் விதையைக் கணக்கிட்டார்கள். குளிரும் வறட்சியும் உள்ள காட்டைவிட, வெப்பமும் ஈரமும் சேர்ந்த காட்டில் விதை 250 மடங்கு வரை அதிகம் என்று தெரிந்தது. 250 மடங்கு! உஷ்ணம் மட்டும் இருந்தால் போதாது, ஈரம் மட்டும் இருந்தாலும் போதாது. இரண்டும் கூடினால்தான் மகசூல்.

அடிவாரத்தில் காற்று, மேலே பறவை

மலை அடிவாரத்தில் தேக்கு, வேங்கை, இலவம், நெல்லி, கடுக்காய் மரங்கள் இருக்கின்றன. கோடையில் இவற்றில் பல மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். இலவ மரம் அந்த மொட்டைக் கோலத்தில்தான் சிவப்புச் சிவப்பாகப் பூக்கிறது. பங்குனி, சித்திரையில் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். பஞ்சோடு விதையும் பறக்கும். வேங்கை விதைக்கு அப்பளம்போல் ஓர் இறகு உண்டு. வறண்ட காற்றில் அது சுழன்று சுழன்று போய் விழும். காற்றே இங்கே கூலி இல்லாத ஆள்!

மேலே போனால் இந்த வசதி கிடையாது. பசுமை மாறாக் காட்டில் மரங்கள் நெருக்கமாக நிற்கின்றன. காற்று உள்ளே நுழைவதில்லை. இறகு வைத்த விதை பறக்க இடம் இல்லை. அதனால் பெரும்பாலான மரங்கள் சதைப்பற்றுள்ள பழத்தைக் கொடுத்து, பறவையையும் விலங்கையும் வேலைக்கு வைத்துக்கொள்கின்றன. பழம் கூலி, விதையைச் சுமப்பது வேலை.

இதைக் கண்ணால் பார்த்துக் கணக்கு எடுத்தவர்கள் இருக்கிறார்கள். மாஞ்சோலைக்கு மேலே கக்காச்சி என்று ஓர் இடம். களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய மலைக்காடு. உயரம் சுமார் 1,250 மீட்டர். அங்கே 1990-களில் டி. கணேஷ், பிரியா தாவிதார், சௌபத்ரா தேவி ஆகிய விஞ்ஞானிகள் தங்கி வேலை செய்தார்கள். எந்த மரம் எந்த மாதம் பூக்கிறது, எவ்வளவு காய்க்கிறது, பூவுக்கு யார் வருகிறார்கள், பழத்தை யார் தின்கிறார்கள் என்று மரம் மரமாகக் குறித்தார்கள். அட்டைக் கடியோடும் அடைமழையோடும் நடந்த வேலை அது. சுலபமானது அல்ல.

வெடிப்பலாவின் விசித்திரம்

அந்தக் காட்டில் அதிகமாக இருப்பது வெடிப்பலா மரம். பலா என்று பெயர் இருந்தாலும், இது நம் வீட்டுப் பலா இனம் அல்ல. துரியன் பழத்தின் உறவு. காய் முழுவதும் முள். முற்றினால் வெடிக்கும். அதனால் இந்தப் பெயர்.

தை, மாசி மாதங்களில் இது பூக்கிறது. பூ கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாக வருகிறது. பூவில் இதழே கிடையாது. அதற்குப் பதிலாகச் சதைப்பற்றுள்ள ஓர் உறை இருக்கிறது. அதைத் தின்பதற்குப் பகலில் சிங்கவால் குரங்கும், கருமந்தியும், மலை அணிலும் வருகின்றன. இரவில் பழந்தின்னி வவ்வால் வருகிறது. வேறு பழங்கள் அதிகம் கிடைக்காத மாதங்கள் அவை. ஆகவே காட்டு விருந்தாளிகளுக்கு வெடிப்பலாப் பூதான் சாப்பாடு.

பூவைத் தின்றால் காய் எப்படி வரும் என்று கேட்கலாம். தின்னும்போது மகரந்தப் பொடி முகத்தில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த மரத்துக்குத் தாவும்போது அங்கே ஒட்டிவிடுகிறது. கொஞ்சம் பூ வயிற்றுக்குப் போகிறது. மிச்சப் பூ சூல் கொள்கிறது. குரங்கும் வவ்வாலும் தேனீயின் வேலையைச் செய்கின்றன!

இதில் உயரத்துக்கு என்ன சம்பந்தம்? உண்டு. குளிரும் மேகமூட்டமும் உள்ள இடத்தில் பூச்சிகள் நினைத்த நேரம் பறக்க முடியாது. தேனீ வெயில் வரும்வரை கூட்டை விட்டு வெளியே வராது. மழை பெய்தால் மகரந்தம் கரைந்து போய்விடும். அதனால்தான் பல மலைமரங்கள் மழை ஓய்ந்த தை, மாசி, பங்குனியில் அவசரம் அவசரமாகப் பூக்கின்றன. அந்த மூன்று மாதத்தில் வானம் கெட்டால், அந்த வருஷக் காய் கெட்டது.

இன்னும் மேலே, 1,500 மீட்டருக்கு மேல் போனால் வெடிப்பலாவும் பின்தங்கிவிடுகிறது. அங்கே சோலைக்காடு. காற்றின் வேகத்தில் மரங்கள் குட்டையாகின்றன. மண் ஆழம் குறைகிறது. இலை சமைக்கும் உணவு, தண்டையும் வேரையும் காப்பாற்றவே சரியாக இருக்கிறது. பூவுக்கும் காய்க்கும் மிஞ்சுவது கொஞ்சம். வயிற்றுக்கே போதாத வீட்டில் சேமிப்பு ஏது?

ஒரு வருஷம் விருந்து, ஒரு வருஷம் பட்டினி

மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். இந்த வருஷம் மரம் ஒடியக் காய்த்தால், அடுத்த வருஷம் ஏமாற்றிவிடும். மரம் தன் சேமிப்பை எல்லாம் ஒரே மூச்சில் செலவழித்துவிட்டு, பிறகு ஓய்வு எடுத்துக்கொள்கிறது.

காட்டு மரங்களில் இது இன்னும் கடுமை. சில இனங்கள் இரண்டு, மூன்று வருஷம் பெயருக்குக் காய்த்துவிட்டு, ஒரு வருஷம் எல்லா மரமும் சேர்ந்து அள்ளிக் கொட்டும். போர்னியோ தீவின் பெருமரங்கள் பல வருஷங்களுக்கு ஒருமுறைதான் இப்படிக் கூட்டாகப் பூக்கின்றன.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. விதை தின்னும் அணிலும் எலியும் வண்டும் எப்போதும் காத்திருக்கின்றன. ஆண்டுதோறும் ஒரே அளவு காய்த்தால், அவை முழுவதையும் தின்று தீர்த்துவிடும். மூன்று வருஷம் பட்டினி போட்டு அவற்றின் தொகையைக் குறைத்து, நாலாம் வருஷம் ஒரேயடியாகக் கொட்டினால்? தின்றது போக மிச்சம் இருக்கும். அந்த மிச்சம்தான் முளைத்துக் காடாகிறது.

இந்தத் தந்திரம் இப்போது பழுதுபடத் தொடங்கியிருக்கிறது என்பதுதான் கவலைக்குரிய செய்தி. இங்கிலாந்தில் பீச் என்ற மரம் உண்டு. 1980-ம் ஆண்டு முதல் அதன் விதைகளை எண்ணி வருகிறார்கள். 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். கோடை உஷ்ணம் கூடக் கூட, மரங்கள் முன்பைவிட அடிக்கடி காய்த்தன. கேட்பதற்கு நல்ல செய்திபோல் இருக்கிறது, அல்லவா? ஆனால் மரங்கள் ஒன்றுசேர்ந்து காய்ப்பது குறைந்துவிட்டது. ஒன்று இந்த வருஷம், இன்னொன்று அடுத்த வருஷம் என்று கலைந்துவிட்டது. விதை தின்னும் அந்துப்பூச்சிக்கு வருஷம் தவறாமல் சாப்பாடு. கடைசியில் முளைக்கத் தகுந்த விதை மிஞ்சுவது குறைந்தது.

விதை எவ்வளவு விளைந்தது என்பது மட்டும் கணக்கல்ல. எப்போது விளைந்தது, எத்தனை மரம் சேர்ந்து விளைந்தன என்பதும் கணக்கு.

மரத்துக்கு ஏது கால்?

2024-ம் ஆண்டு, அதுவரை கணக்கெடுத்த ஆண்டுகளிலேயே உலகம் அதிகம் சூடான ஆண்டாகப் பதிவாகியது. யந்திரத் தொழில்கள் பெருகுவதற்கு முன் இருந்த நிலையைவிட ஏறக்குறைய ஒன்றரை டிகிரி அதிகம்.

ஒரு டிகிரிதானே என்று சமவெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். மலைக்கு அப்படி அல்ல. ஒரு டிகிரி உஷ்ணம் கூடினால், பழைய குளிரைத் தேடி ஒரு மரம் 150 மீட்டருக்கு மேல் மலை ஏற வேண்டும். மரத்துக்கு ஏது கால்? விதைதான் அதன் கால். விதை மேலே போய் விழுந்தால்தான் அடுத்த தலைமுறை மேலே போகும்.

ஆனால் கனமான விதை தாய்மரத்தின் காலடியில் விழுகிறது. மழை அடித்தால் உருண்டு கீழேதான் போகும்! மேலே கொண்டுபோக விலங்கும் பறவையும் வேண்டும். அப்படிக் கொண்டுபோனாலும், மலைக்கு ஓர் உச்சி இருக்கிறது. அதற்கு மேல் இடம் இல்லை.

செங்கோட்டையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் செந்துருணி வன விலங்குச் சரணாலயம் இருக்கிறது. செங்குறிஞ்சி என்ற மரத்தின் பெயரால் வந்த பெயர் அது. அகத்தியமலை வட்டாரத்தைத் தவிர உலகில் வேறு எங்கும் இந்த மரம் கிடையாது. வறண்ட நாட்கள் நீண்டு போவதால் அது பூப்பதும் காய்ப்பதும் குறைந்து வருவதாக அங்குள்ள வனத்துறையினர் கவலை தெரிவித்திருக்கிறார்கள்.

சங்கரன்கோவில் மக்களுக்குப் புன்னை மரத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சங்கரநாராயணர் கோவிலின் தல மரமே புன்னைதான். ஊருக்குப் புன்னைவனம் என்றே ஒரு பெயர் உண்டு. புன்னை கடற்கரையிலும் சமவெளியிலும் தழைக்கும் மரம். அதன் நெருங்கிய உறவு ஒன்று கக்காச்சி மலைக்காட்டில் நிற்கிறது. ஒரே குடும்பம், ஒன்று வெயிலுக்குப் பழகியது, மற்றது மேகத்துக்குப் பழகியது. கீழே உள்ளதைக் கொண்டுபோய் மேலே வைத்தால் பிழைக்காது. மேலே உள்ளதைக் கீழே கொண்டுவந்தாலும் அதே கதைதான். இந்த விவரம் பின்னால் சொல்லப்போகும் விஷயத்துக்கு முக்கியம்.

மாஞ்சோலையில் என்ன நடக்கும்?

1929-ம் ஆண்டு சிங்கம்பட்டி ஜமீன், 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட மலைக்காட்டைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. காட்டை அழித்துத் தேயிலை வைத்தார்கள். மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று குடியிருப்புகள் வந்தன. குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-ல் கம்பெனி தோட்ட வேலையை நிறுத்திக்கொண்டு, தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தது.

மூன்று, நான்கு தலைமுறையாக அந்த மலையிலேயே பிறந்து, அந்த மலையிலேயே இலை பறித்தவர்கள் அவர்கள். கீழே இறங்கினால் சொந்த வீடு இல்லை. தெரிந்த தொழில் இல்லை. தோட்டத்தை அரசாங்கத் தேயிலைக் கழகமே ஏற்று நடத்த வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 2024 டிசம்பரில் சென்னை ஐகோர்ட்டு அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. 2025-ல் சுப்ரீம் கோர்ட்டு, அகத்தியமலை வட்டாரத்தில் காடு அல்லாத வேலைகள் என்னென்ன நடக்கின்றன என்று ஆராய்ந்து சொல்லும்படி ஒரு மத்தியக் குழுவுக்கு உத்தரவிட்டது.

அந்த மக்களின் மறுவாழ்வு தனியாகவே எழுத வேண்டிய பெரிய விஷயம். காட்டைக் காப்பாற்றுகிறோம் என்ற பேரில் அதை மறந்துவிட்டால் அது நியாயம் ஆகாது.

தேயிலை நிலம் மறுபடியும் காடாக வேண்டும் என்று சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் காடு தானாக வந்துவிடுமா?

கவாத்து செய்யாமல் விட்டால் தேயிலைச் செடி மரமாக உயர்ந்துவிடும். அடியில் இருட்டு. காட்டு விதை முளைத்தாலும் எழும்ப இடம் இல்லை. அதற்கு முன், விதை வந்து சேர வேண்டுமே! சிறு பழங்களைத் தின்னும் குருவி, தோட்டத்தின் ஓரத்தில் விதையைப் போட்டுவிட்டுப் போகும். வெடிப்பலா போன்ற கனமான விதையை நடுத் தோட்டத்துக்குக் கொண்டுவருபவர் யார்? சிங்கவால் குரங்கு மரத்துக்கு மரம் தாவி வாழும் பிராணி. தேயிலை வெளியில் அதற்கு வேலை இல்லை.

மரக்கன்று நடலாமே என்பார்கள். நடலாம். பசுமைத் தமிழகம் இயக்கம் 2022-ல் தொடங்கியது. மாநிலத்தில் 23.7 சதவிகிதமாக இருந்த காடு, மரப் பரப்பை 33 சதவிகிதமாக உயர்த்துவது அதன் நோக்கம். நாடெங்கும் நாற்றங்கால்கள் வந்திருக்கின்றன. சமவெளிக்கு வேம்பும் புங்கையும் லட்சக்கணக்கில் வளர்த்துவிடலாம். மலைக்காட்டுக் கன்றுக்கு விதை எங்கே வாங்குவது? கடையில் கிடைக்காது.

சேமிக்க முடியாத விதை

கரிசல்காட்டு விவசாயி விதைக்காக எடுத்த பருத்திக் கொட்டையை அடுத்த பருவம்வரை வைத்திருப்பார். கருவேல விதை அதற்கும் மேல். தோல் அவ்வளவு கெட்டி. ஆடு நெற்றைத் தின்று, கிடையில் புழுக்கையோடு போட்டாலும், வருஷம் கழித்து முளைக்கும். வறண்ட பூமியின் விதை காத்திருக்கப் பழகியது.

மழைக்காட்டு விதை அப்படி அல்ல. எப்போதும் ஈரம் உள்ள இடத்தில் பிறந்ததால், காத்திருக்கும் பழக்கமே அதற்கு இல்லை. விழுந்த உடனே முளைக்க வேண்டும். காயவைத்தால் செத்துவிடும். ஐஸ் பெட்டியில் வைத்தாலும் செத்துவிடும். பல இனங்களுக்கு ஆயுள் சில வாரங்கள்தான். நார்வே நாட்டில், வடதுருவத்துக்கு அருகே பனிமலையைக் குடைந்து ஒரு விதைக் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். 2008-ல் திறந்தார்கள். உலகத்து நெல்லும் கோதுமையும் அங்கே உறங்குகின்றன. வெடிப்பலா விதைக்கு அங்கே இடம் இல்லை. கொண்டுபோனாலும் பிழைக்காது.

ஆகவே மலைக்காட்டுக்கு விதைக் களஞ்சியம் என்பது உயிரோடு நிற்கும் மரமேதான். அது காய்க்கும் வருஷத்தில், காய்க்கும் மாதத்தில், விழுந்த சில நாட்களுக்குள் போய்ப் பொறுக்க வேண்டும். காய்க்காத வருஷத்தில் எத்தனை கோடி ரூபாய் ஒதுக்கினாலும் ஒரு விதை கிடைக்காது. அதிகாரிகள் மார்ச் மாதத்துக்குள் பணத்தைச் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும். வெடிப்பலாவுக்கு மார்ச் மாதம் தெரியாது!

வால்பாறையில் இந்த வேலையைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனைமலையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் துண்டுக் காடுகளைச் சீர்படுத்த, இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து வருகிறது. தார் ரோட்டில் விழுந்து லாரிச் சக்கரத்தில் நசுங்கப் போகும் விதைகளையும், விலங்கின் எச்சத்தில் கிடக்கும் விதைகளையும் பொறுக்குகிறார்கள். நாற்றங்காலில் நூற்றுக்கு மேற்பட்ட உள்ளூர் மர இனங்களை வளர்க்கிறார்கள். இரண்டு, மூன்று வருஷம் வளர்ந்த கன்றை, அதற்குப் பழகிய இடத்திலேயே நடுகிறார்கள். நிலம் சிறிது சிறிதாகத்தான் மாறுகிறது. பொறுமை வேண்டிய வேலை.

மாஞ்சோலைக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். 1,000 மீட்டரில் நட வேண்டிய கன்றுக்கு அந்த உயரத்து விதை. குதிரைவெட்டிப் பக்கம் 1,500 மீட்டர் என்றால் அதற்கேற்ற விதை. ஒரே நாற்றங்காலில் ஒரே இனத்தை வளர்த்து மலை முழுவதும் நட்டால், புன்னையைக் கொண்டுபோய் மேகத்துக்குள் வைத்த கதையாகத்தான் முடியும்.

இதற்கு ஆட்கள் எங்கே? எந்தச் சரிவில் எந்த மரம் நிற்கிறது, எந்த மாதம் காய் விழும் என்று தெரிந்தவர்கள் அதே தோட்டத் தொழிலாளர்கள்தான். இலை பறித்த கை விதை பொறுக்காதா? அவர்களில் விருப்பம் உள்ளவர்களுக்கு அந்த வேலையைக் கொடுத்தால், சில குடும்பங்களுக்காவது சம்பளம் கிடைக்கும். காட்டுக்குக் கன்றும் கிடைக்கும். அரசாங்கம் யோசிக்கலாம்.

வெடிப்பலாக் காய் முற்றுவது ஆனி முதல் ஆவணி வரை. சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கூட்டம் அலைமோதும் அதே நாட்களில், மேலே மழைக்கு நடுவே காய்கள் வெடித்து விதைகள் விழுந்துகொண்டிருக்கும். புரட்டாசி பிறப்பதற்குள் அவற்றில் பெரும்பாலானவை முளைத்திருக்கும், அல்லது அணில் வயிற்றுக்குப் போயிருக்கும், அல்லது அழுகியிருக்கும்.